இரண்டாவது நாற்காலி

மௌனத்தைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்கலாம். லைப்ரரியில் வேலை பார்க்கிற மனைவிக்கு மட்டும் எடுக்கக் கூடாது. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? கண்ணாடிக்காரர் எடுத்தார். எடுத்து, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக்காரர். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓர் இருட்டறையில் ஆட்களை உட்கார வைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பது அவர் தொழில். ஒரே கேள்விதான். பதில்தான் ஆயிரம் வரும். "ரெண்டும் ஒன்னுதான்" என்பார்கள். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். சிலர் எழுத்தை விட்டுவிட்டு மருமகளைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். கடையைப் பூட்டி வீடு வந்து சேரும்போது, இந்த உலகத்தில் மனிதனுக்கு வாய் எதற்கு என்று அவருக்குத் தோன்றும்.

வீட்டிலோ அவர் மனைவி காத்திருப்பாள். அவள் கதை நேர் எதிர். பகலெல்லாம் 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு அடியில் உட்கார்ந்து, புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டு, வாயைக் கட்டிப்போட்டிருப்பவள். அத்தனை பேச்சும் உள்ளே சேர்ந்திருக்கும். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அணை திறந்துவிடும்.

அவர் "ம்" என்பார்.

அவருடைய "ம்" ஒரு தனிக் கலை. ஆச்சரியத்துக்கு ஒரு "ம்", வருத்தத்துக்கு ஒரு "ம்", "அப்புறம்?" என்பதற்கு ஒரு "ம்". காது கேட்காமலே வாய் மட்டும் வேலை பார்க்கும். கல்யாணமான புதிதில் இப்படியில்லை. அப்போது அவர் கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவார்; அவள் சொல்கிற கதையின் நடுவில் சிரித்துப் புரையேறும். அந்த மனுஷன் எந்த வருஷம் காணாமல் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை, அவள் ஒருத்தியைத் தவிர.

இந்த நிலையில்தான் ஒருநாள் மூச்சு மாஸ்டர் கடைக்கு வந்தார். அதே பகுதியில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர். வெள்ளைத் தாடி, அவசரமே இல்லாத நடை.

"கண்ணு பார்க்கணும்" என்றார்.

"கடைசி வரி தெரியுதா பாருங்க."

மாஸ்டர் கடகடவென்று படித்தார். அதற்கும் கீழே பொடி எழுத்திலிருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தார்.

"உங்களுக்குக் கண்ணாடி தேவைப்படாதுன்னு நெனைக்கிறேன்."

"அப்படிச் சொல்லக் கூடாது. நல்லாப் பாருங்க. சின்னதா ஏதாவது ஒரு பவர் இருக்கும்."

ஒருவர் இவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது இல்லையென்று எப்படிச் சொல்வது? தன் நாற்காலியில் உட்கார்ந்த ஆள் வெறுங்கையோடு எழுந்து போன சரித்திரமும் இல்லை. கண்ணாடிக்காரர் வில்லைகளை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் இருப்பதிலேயே சின்ன பவரைக் கண்டுபிடித்து, "பார்த்தீங்களா, இருக்கு! நல்லவேளை சீக்கிரமா வந்தீங்க" என்றார்.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். அதுவும் முறையான பெருமூச்சு. "என் கண்ணு இருக்கட்டும். உங்க முகத்துல அமைதியே இல்லையே?"

"அமைதியா? என் வீட்டுல அது குடிவந்ததே இல்ல சார்."

"ரொம்ப சுலபம். தினமும் கொஞ்ச நேரம் மௌனமா இருங்க. மூச்சைக் கவனிங்க. நாள் முடியறப்போ ஒரு விஷயத்துக்காவது நன்றி சொல்லுங்க. ஆனா இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்னு இருக்கு. சாயங்காலத்துல..."

மௌனம் என்ற சொல் காதில் விழுந்ததுமே கண்ணாடிக்காரரின் மனம் வீட்டுக்குப் பறந்துவிட்டது. மௌனம்! அதுவும் மருந்து என்ற பெயரில்! பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. ஃபிரேமின் திருகாணியை முடுக்கியபடி மாஸ்டர் சொன்ன மீதிக்கெல்லாம் "ம்... ம்..." என்றார்.

அன்று சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"இன்னையிலேர்ந்து நம்ம வீட்டுல அமைதி நேரம்."

"அப்படின்னா?" என்றாள் மனைவி.

"ஏழு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் பேச்சே கிடையாது. மூச்சைக் கவனிக்கணும். சாப்பிடறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு நன்றி சொல்லணும். மனசு கண்ணாடி மாதிரி ஆயிடும்."

"யாரு சொன்னது?"

"மூச்சு மாஸ்டர். பெரிய மனுஷன்."

"அவ்வளவுதான் சொன்னாரா?"

"அவ்வளவுதான்."

"நல்லா யோசிங்க. வேற எதுவுமே சொல்லலையா?"

"அதான் சொல்றேனே, அவ்வளவுதான்!"

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

கண்ணாடிக்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்கென்று வழியெல்லாம் தயார் செய்து வந்த வாதங்கள் அத்தனையும் வீண்.

"ஏழு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கே. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி முடிச்சிடட்டுமா?" என்றாள் அவள்.

வெற்றி பெற்றவருக்குத் தாராளம் வரும். "சொல்லு, சொல்லு."

"எதிர்க் கட்டிடத்துல ஒரு அம்மா இருக்காங்க. தினம் சாயங்காலம் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிட்டுத் தனியா கிளம்பிடுவாங்க. எங்க போறாங்கன்னு யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்கே தெரியாது."

"ம்."

"இருட்டறதுக்குள்ள திரும்பி வந்துடுவாங்க. அடுப்பைப் பத்த வெச்சுக்கிட்டு, ஒன்னுமே நடக்காத மாதிரி இருப்பாங்க. இப்படியே ரொம்ப நாளா நடக்குது. திடீர்னு ஒருநாள் பார்த்தா, கையில ரெண்டு நாற்காலி."

கண்ணாடிக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதை நிறுத்தினார். "ரெண்டா?"

"ரெண்டு. ஒன்னு தனக்கு. இன்னொன்னு யாருக்கு?"

"யாருக்கு?"

"எனக்கும் மனசு கேக்கல. நேத்து பின்னாடியே போனேன். பாலத்தைத் தாண்டி, கால்வாய்க் கரையோரமா நடந்து போனாங்க. ரெண்டு நாற்காலியையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சாங்க. ஒன்னுல உக்கார்ந்தாங்க. இன்னொன்னுல..."

செல்போனில் மணி அடித்தது. ஏழு.

மனைவி வாயை மூடினாள். கண்ணையும் மூடினாள்.

"இன்னொன்னுல?" என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் ஒரு விரலை உதட்டில் வைத்தாள். பகலெல்லாம் கூட்டத்தை அடக்கிப் பழகிய விரல். அதை மீறி இன்றுவரை யாரும் பேசியதில்லை.

மூச்சைக் கவனிக்க வேண்டிய ஒரு மணி நேரம் கண்ணாடிக்காரர் கடிகாரத்தைக் கவனித்தார். எட்டு அடித்ததும் பாய்ந்தார். "ம், சொல்லு. இன்னொன்னுல யாரு?"

"இப்ப வேணாங்க."

"ஏன்?"

"மனசு அப்படியே நெறைஞ்சு இருக்கு. பேசினா கலைஞ்சிடும். இவ்வளவு நல்ல விஷயத்தை இத்தனை நாளா தெரியாமலே இருந்துட்டேனே! ஒரு மணி நேரம் பத்தாதுங்க. தூங்கற வரைக்கும் வெச்சுக்கலாம்."

"அவ்வளவெல்லாம் வேணாம்மா, மாஸ்டர் கொஞ்ச நேரம்னுதான்..."

விரல் மறுபடியும் உதட்டுக்குப் போனது.

தானே போட்ட சட்டம். தானே எப்படி உடைப்பது? ஆப்பசைத்த குரங்கின் நிலைமைதான். காலையில் கேட்கலாமென்றால் காலையில் இருவருக்கும் ஓட்டம். "டவல் கொடியில இருக்கு." "சாவியை மறந்துடாதீங்க." அந்த வாக்கியங்களில் நாற்காலி இருக்காது.

நன்றி சொல்லும் வேளையில் மடக்கிவிடலாம் என்று அடுத்து ஒரு திட்டம் போட்டார்.

"நன்றியைச் சும்மா சொல்லக் கூடாது. பார்த்தது, கேட்டது, பின்னாடியே போனது எல்லாத்தையும் விவரமா, காரணத்தோட சொல்லணும். மாஸ்டர் சொல்லியிருக்கார்."

அவள் தலையாட்டினாள். "ஃபேன் ஓடுது, நன்றி. காரணம், கரண்ட் இருக்கு." சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

எதிர்க் கட்டிடத்துக் காவலாளியைப் போய்ப் பார்த்தார். "ஏம்ப்பா, மடக்கு நாற்காலி தூக்கிட்டுப் போற அம்மா ஒருத்தங்க இருக்காங்களாமே?"

"ஆமா சார், தினம் பார்ப்பேனே."

"யாரு அவங்க?"

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தான். "கண்ணாடிக் கடை வெச்சிருக்கீங்க. நீங்க பார்த்ததில்லையா சார்?"

"இல்லையே."

"ஓ!" என்றான் காவலாளி. பிறகு அவனுக்கு எதற்கோ சிரிப்பு வந்து, வராத வண்டிக்குக் கேட்டைத் திறக்கப் போய்விட்டான்.

தூரத்து ஊரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார். "அம்மா உன்கிட்ட நாற்காலி கதை ஏதாவது சொன்னாளா?"

"ஓ, சொன்னாங்களேப்பா! எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அழுகையா? முடிவு என்ன?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. நீங்களே அம்மாகிட்டக் கேளுங்க."

"உங்கம்மாதான் பேசவே மாட்டேங்கறாளே!"

"அமைதி வேணும்னு நீங்கதான் கேட்டீங்களாமே? கெடைச்சதை வெச்சுக்கிட்டு சந்தோஷமா இருங்கப்பா" என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

கிடைத்தது. வீடு முழுக்கக் கிடைத்தது. அவர் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. சாயங்காலம் கதவைத் திறந்தால் செருப்புச் சத்தம் கூடத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பி வந்தது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. இத்தனை வருஷமாக அந்தக் குழாய் சொட்டுவதே அவருக்குத் தெரியாது. அவள் குரல் அதை மூடி வைத்திருந்தது. நாற்காலிக் கதையின் முடிவு வேண்டும் என்றுதான் முதலில் அவர் தவித்தார். போகப் போக முடிவு வேண்டாம் என்றாகிவிட்டது. லைப்ரரியில் எந்தத் தாத்தா புத்தகத்தை மடியில் வைத்துத் தூங்கினார், எந்தக் குழந்தை பக்கத்தைத் தின்றது, அதையாவது அவள் சொல்ல மாட்டாளா? தன்னை அறியாமல் காலி அறையில் ஒருநாள் "ம்" என்றார். யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இருட்டறையில் ஒரு பாட்டி மருமகளைப் பற்றி ஆரம்பித்தபோது, "அப்புறம்? அப்புறம் என்ன சொன்னா?" என்று அவரே கேட்டார். பாட்டி பயந்து எழுத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் ஒருநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு லைப்ரரிக்கே போனார். வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஓர் ஆள் கையில் ஒரு தடிப் புத்தகத்தோடு கொந்தளித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, கடைசிப் பக்கத்தைக் காணோம்?"

"யாரோ கிழிச்சுட்டாங்க சார். மாத்தி வேற தரட்டுமா?" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வேறயா? எனக்கு இதுதான் வேணும்! வேற பிரதி எங்க இருக்கு?"

"பாருங்க, முழுசா இருக்கற புத்தகத்தை நீங்க இப்படித் தேடி நான் பார்த்ததே இல்ல" என்று சிரித்தாள் அவள்.

அந்தச் சிரிப்பு! தன் வீட்டுச் சொத்து ஊரார் கையில் இருப்பதைப் போல் கண்ணாடிக்காரருக்கு வயிறு எரிந்தது. அவர் முறை வந்தது.

"கார்டு இருக்கா?" என்றாள் மனைவி.

அடடா, அந்தக் குரல். இரண்டே சொல். அவர் காது குளிர்ந்தது. "இல்லீங்க" என்று மரியாதையாகச் சொன்னார்.

"புதுசா சேரணுமா?"

"சேரணும்" என்றார். பிறகு குனிந்து, "ஏம்மா, அந்த ரெண்டாவது நாற்காலி..." என்று ஆரம்பித்தார்.

அவள் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினாள். பின்னால் நின்றவர்கள் "உஷ்" என்றார்கள்.

அன்று கடைக்குத் திரும்பி இருட்டறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு மூளை வேலை செய்தது. சட்டம் ஏழு மணிக்குத்தானே ஆரம்பம்? அவர் வீடு போய்ச் சேருவதே ஏழு மணி வாக்கில்தான். அவள் ஐந்துக்கே வந்துவிடுகிறாள். நடுவில் உள்ள நேரத்துக்குச் சட்டம் செல்லாது! காலில் விழுந்தாவது பேச வைத்துவிடலாம். கடையை இழுத்துப் பூட்டினார். கல்யாணமான புதிதில் வந்ததைப் போல ஓட்டமும் நடையுமாகத் தெருமுனைக்கு வந்தார்.

வந்தவர் அப்படியே நின்றார்.

தன் வீட்டு வாசலிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தாள். வலது கையில் ஒரு மடக்கு நாற்காலி. இடது கையில் ஒரு மடக்கு நாற்காலி. எதிர்க் கட்டிடத்து அம்மா அல்ல. அவருடைய சொந்த மனைவி.

காவலாளி எதிர் வாசலிலிருந்து அவளுக்கு சலாம் வைத்தான்.

கண்ணாடிக்காரர் மறுபடி எண்ணிப் பார்த்தார். இரண்டு நாற்காலி. ஒன்று அவளுக்கு. இன்னொன்று? 'வீட்டுக்காரருக்கே தெரியாது' என்று அவள் சொன்னது தன்னைப் பற்றித்தானா? யார் அவன்? நன்றாகப் பேசுகிறவனாக இருப்பானோ? அதைவிட மோசம், நன்றாகக் கேட்கிறவனாக இருப்பானோ?

பின்னாலேயே போனார். பாலத்தைத் தாண்டினாள். கால்வாய்க் கரையில் ஒரு மரத்தடி தாண்டி நின்றாள். நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். ஒன்றில் உட்கார்ந்தாள். மற்றொன்றின் மேல் விழுந்த ஒரு காய்ந்த இலையைக் கையால் துடைத்துவிட்டாள். கண்ணாடிக்காரர் மரத்துக்குப் பின்னால் வயிற்றை எக்கிக்கொண்டு ஒண்டினார்.

யாரும் வரவில்லை.

தண்ணீரில் வாத்துகள் வந்து போயின. எதிர்க்கரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சைக்கிளில் ஒருவன் வந்தான். இவன்தான் என்று பல்லைக் கடித்தார். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே போய்விட்டான். அவள் தண்ணீரைப் பார்த்தாள். நடுநடுவே பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் எங்கோ பார்த்திருந்தார். புதுக் குடித்தனத்தில், சாயங்கால வேளையில், ஜன்னலுக்குப் பின்னால். அவர் தெருமுனையில் திரும்பும்போது அங்கே அந்த முகம் இருக்கும்.

"எவ்வளவு நேரந்தாங்க மரத்துக்குப் பின்னாடியே நின்னு மூச்சைக் கவனிப்பீங்க? வந்து உக்காருங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

அவர் வந்தார். உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டது, ஆள் உட்கார்ந்து பழகாத நாற்காலி.

"அந்த எதிர்க் கட்டிடத்து அம்மா?" என்றார்.

"அப்படி யாரும் கிடையாது."

"ரெண்டாவது நாற்காலி?"

"உங்களுக்குத்தான். அதைத் தூக்கிட்டு வந்த முதல் நாளே உங்களைக் கூப்பிட்டேன். 'கால்வாய்ப் பக்கம் காத்து நல்லாருக்கு, கடையைக் கொஞ்சம் சீக்கிரம் சாத்திட்டு வாங்களேன்'னு சொன்னேன். நீங்க 'ம்'னீங்க. 'ம்'னா வர்றேன்னு நெனச்சுட்டேன்."

கண்ணாடிக்காரர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தார்.

"மறுநாளும் தூக்கிட்டு வந்தேன். அதுக்கப்புறம் பழகிப்போச்சு. ரெண்டையும் தூக்கிட்டு வருவேன், ரெண்டையும் தூக்கிட்டுப் போவேன். ஒன்னு மட்டும் கொண்டு வந்தா, என்னிக்காவது நீங்க வந்து நின்னா எங்க உக்காருவீங்க?"

கால்வாய் மங்கலாகத் தெரிந்தது. எந்த வில்லையைப் போட்டாலும் அப்போது அது தெளிந்திருக்காது. அவர் மூக்கை உறிஞ்சினார்.

"பேசு" என்றார்.

"என்ன பேசறது?"

"எதையாவது பேசு. பக்கத்தைத் தின்ன குழந்தையைப் பத்திப் பேசு. இனிமே அமைதி நேரமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. தினம் இங்க வர்றேன். நீ பேசு, நான் கேக்கறேன். உன் குரல் இல்லாம வீடு வீடாவே இல்லம்மா."

அவள் அவர் கையின் மேல் கையை வைத்தாள். மூச்சு தானாகவே சீராக வந்தது. கண்ணாடிக்காரருக்கு அப்போது நன்றி சொல்ல ஒரு விஷயம் இருந்தது, காரணத்தோடு இருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. வந்தது கோபம்.

"எல்லாம் அந்த மாஸ்டரால வந்தது! மௌனம் மௌனம்னு சொல்லி என்னைக் கெடுத்துட்டார். நாளைக்குக் கடைக்கு வரட்டும்..."

"அவரைத் திட்டாதீங்க. நான் அனுப்பித்தான் அவர் உங்க கடைக்கு வந்தார். எங்க லைப்ரரியிலதான் தினம் பேப்பர் படிப்பார். 'சாயங்காலத்துல வீட்டம்மாவோட கொஞ்ச நேரம் வெளியில காத்தாட உக்காருங்க'ன்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்லி அனுப்பினேன். அவரும் சொல்லியிருக்கார். நீங்க அதுக்கு மட்டும் 'ம்' போட்டுட்டு, மௌனத்தைத் தூக்கிட்டு வந்துட்டீங்க. அப்புறம் நான் என்ன செய்யறது? நாற்காலிக் கதையோட கடைசிப் பக்கத்தைக் கிழிச்சேன்."

கண்ணாடிக்காரர் வாயைப் பிளந்தார். "அப்போ... அவருக்குக் கண்ணு?"

"அவர் கண்ணுல ஒரு குறையும் இல்லீங்க. பாவம், நீங்க கொடுத்த கண்ணாடியைப் போட்டதுலேர்ந்துதான் ஒரே தலைவலியாம்."